பச்சைத் தண்ணீரில் கரைந்த காசு

வியாபாரப் பக்கத்தில் நீச்சல் தடாகத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அரிசி, சீனி, புடவை, இரும்பு என்று எழுதி வந்தவன் திடீரென்று பணக்காரர் வீட்டுக் கதைக்குப் போய்விட்டான் என்று சிலர் நினைக்கவும் கூடும். ஆனால் பேருவளையிலிருந்து ஹிக்கடுவை வரைக்கும் காலி வீதியின் கடற்கரைப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நாலு அறை, ஐந்து அறை உள்ள வீடுகள் எல்லாம் இன்று விருந்தினர் விடுதிகள். பின்முற்றத்தில் ஒரு சின்னத் தடாகம் இருந்தால்தான் அறைக்கு நல்ல விலை கிடைக்கிறது. அந்த விடுதிகளை நடத்துபவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குளோரின் விற்பவர்களில் அடியேனும் ஒருவன். ஆகவே இது பணக்காரர் கதையல்ல, முதல் போட்ட சின்ன மனிதர்களின் கதை.

என் தங்கையின் மகன் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெந்தோட்டை ஆற்றுக்குச் சமீபமாக ஐந்து அறைகள் உள்ள ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். நாடே டொலர் இல்லாமல் தவித்த காலம் அது. குத்தகை மலிவாகக் கிடைத்தது. மேற்கு, தெற்குக் கரைகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன் என்பது எல்லோருக்கும் தெரியும். நவம்பர் நடுப்பகுதியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வீடு முழுவதையும் பத்து நாளுக்குப் பதிவு செய்து முற்பணமும் கட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் மூன்று பேர். அவர்கள் அந்த வீட்டைத் தெரிவு செய்ததே தடாகத்தின் படத்தைப் பார்த்துத்தான்.

ஒக்டோபர் இறுதியில் ஒரு நாள் இரவு மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மாமா, பூல் தண்ணி முருங்கையிலைச் சாறு மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா மருந்து போட்டுப் போட்டு அலுத்துட்டேன். அவங்க வர இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். நீளம் 8 மீற்றர், அகலம் 4 மீற்றர், சராசரி ஆழம் ஒன்றேகால் மீற்றர். அதாவது 40,000 லீற்றர் தண்ணீர். முதலாம் படி தெரிகிறது, இரண்டாம் படி தெரியவில்லை. சுவரில் கை வைத்தால் வழுக்குகிறது. அதுவரைக்கும் அவர் வாங்கிப் போட்டவற்றின் பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்தார். பாசி கொல்லும் நீல மருந்து இரண்டு போத்தல், குளோரின் மாத்திரை நாலு கிலோ, தண்ணீரைத் தெளிய வைக்கும் திரவம் ஒரு கான், பிறகு இன்னொரு வகைப் பாசி மருந்து. அவற்றின் கூட்டுத்தொகை ஒரு அறையின் ஒரு கிழமை வாடகையைத் தாண்டியிருந்தது. தண்ணீரின் பச்சையோ ஒரு துளியும் குறையவில்லை.

அந்தப் பற்றுச்சீட்டுகளில் ஒன்று என் கடையுடையது. நான் இல்லாத நேரம் வந்து வாங்கியிருக்கிறார். என் பையன் கேள்வி எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். நான் கவுன்டரில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒலிம்பிக்கிலேயே நடந்தது

இப்படிப்பட்ட சங்கடம் சின்ன விடுதிக்காரருக்கு மட்டும் வருவதல்ல. 2016 ஆகஸ்டில் ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் போட்டியின்போது, உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், நீரில் பாயும் போட்டிக்கான தடாகம் ஒரே நாளில் பச்சையாகிவிட்டது. மறுநாள் பக்கத்துத் தடாகமும் நிறம் மாறியது. ஏற்பாட்டாளர்கள் முதலில் ஒரு காரணம் சொன்னார்கள், பிறகு இன்னொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் வெளியான விளக்கம் இதுதான்: போட்டி தொடங்கும் நாளில் ஒப்பந்தக்காரர் தரப்பில் ஒருவர் ஹைட்ரஜன் பெரொக்சைட் என்ற இரசாயனத்தை ஊற்றியிருக்கிறார். அது தண்ணீரிலிருந்த குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. குளோரின் போனதும் பாசி வந்துவிட்டது. அளவிடும் கருவியோ எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடாகத்தின் தண்ணீரை முழுதாக அகற்றி, பயிற்சித் தடாகத்திலிருந்து தண்ணீர் எடுத்து நிரப்பித்தான் போட்டியை நடத்தினார்கள்.

ஒலிம்பிக் தடாகத்துக்கும் பெந்தோட்டைத் தடாகத்துக்கும் நோய் ஒன்றுதான். மருந்து போட்டார்கள், ஆனால் அந்த மருந்து தண்ணீரிலுள்ள மற்றச் சரக்கோடு என்ன செய்யும் என்று பார்க்கவில்லை.

பாசி ஏன் வருகிறது?

பாசியின் வித்து காற்றிலும் மழையிலும் இலையிலும் வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க முடியாது. வெயிலும் சூடும் உள்ள நம் நாட்டில் ஒரு நாள் குளோரின் இல்லாமல் போனால் மறுநாள் வழுக்கும், மூன்றாம் நாள் பச்சையாகும். எனவே பாசி நோயல்ல, நோயின் அடையாளம். காவல் இல்லாத கடைக்குள் களவு போவது போலத்தான் இதுவும்.

மருமகனின் தடாகத்தில் காவல் எப்படி இல்லாமல் போனது? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டின் முன்னைய குத்தகைக்காரர் மோட்டரைக் கைவிட்டார். ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டது. புதிதாக வந்த மருமகன் செலவை மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் மோட்டரை ஓடவிட்டார். அந்த மோட்டர் மணித்தியாலத்துக்கு 8,000 லீற்றர் இழுக்கும். 40,000 லீற்றரும் ஒரு தடவை பில்டருக்குள் போய் வர 5 மணித்தியாலம் வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் பாதித் தண்ணீர்கூட பில்டரைக் காணவில்லை. மூலைகளில் தண்ணீர் அசையவே இல்லை. அசையாத இடத்தில் பாசி குடியேறியது.

பூல் நாநா

தர்கா நகரில் எல்லோரும் 'பூல் நாநா' என்று கூப்பிடும் ஒரு பெரியவர் இருக்கிறார். பெரிய ஹோட்டல் ஒன்றில் முப்பது வருடம் தடாகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்துப் போனேன். அவர் தண்ணீரைப் பார்த்ததும் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் அள்ளி வைத்துப் பார்த்தார். சுவரை விரலால் தடவினார். பிறகு கேட்டார்:

"மகன், இதுக்குள்ள என்னென்ன போட்டீங்க? ஒண்ணும் மறைக்காம சொல்லுங்க."

வாளித் தண்ணீர் பச்சையாக, ஆனால் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் அது பாசியல்ல, தண்ணீரில் கரைந்த உலோகம் என்று விளக்கினார். செம்பு சேர்ந்த மருந்தை அளவுக்கு மேல் ஊற்றினாலும் அப்படி ஆகும். தண்ணீர் கலங்கலாகவும் சுவர் வழுக்கலாகவும் இருந்தால் அது பாசி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உலோகம் உள்ள தண்ணீரில் குளோரினை அள்ளிப் போட்டால் நிறம் இன்னும் கெட்டுச் சுவரிலும் கறை பிடிக்கும். எங்களுடையது பாசி என்பது உறுதியாயிற்று.

அடுத்ததாக அவர் கேட்டது பரிசோதனைப் பெட்டி. மருமகனிடம் இல்லை. நாலு வகை மருந்து வாங்கியவர், தண்ணீரை அளந்து பார்க்கும் ஒரு பெட்டியை வாங்கவில்லை. வைத்தியர் காய்ச்சலை அளக்காமல் ஊசி போட்டால் விடுவோமா? மறுநாள் கொழும்பிலிருந்து ஒன்று எடுத்து வந்தோம்.

அளந்ததில் தெரிந்தவை மூன்று. குளோரின் ஏறக்குறைய பூச்சியம். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 8க்கு மேல். பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுவது வழக்கம். அது 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் பாதி கிருமி கொல்லும் நிலையில் இருக்கும். 8 ஆகிவிட்டால் கால்வாசிகூட இராது. அதாவது நூறு ரூபாவுக்குக் குளோரின் போட்டு இருபத்தைந்து ரூபாவுக்குக் குறைவாகத்தான் வேலை வாங்குகிறோம்.

மூன்றாவதுதான் கதையின் முடிச்சு. அது சயனூரிக் அசிட். கடைகளில் ஸ்டெபிலைசர் என்பார்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் நடுப்பகல் வெயிலுக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விடும். அதைத் தடுக்கும் குடைதான் சயனூரிக் அசிட். 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் நல்லது. பி.பி.எம். என்பது ஆயிரம் லீற்றருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடை பெரிதானால் குளோரினின் கையையும் கட்டிப்போடும். சயனூரிக் அசிட் கூடக் கூட, பாசியைக் கொல்லத் தேவையான குளோரினின் அளவும் கூடும். அது 100 பி.பி.எம். என்றால் ஏறத்தாழ 40 பி.பி.எம். குளோரின் வேண்டும் என்பது அனுபவக் கணக்கு.

பரிசோதனைக் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. மேலேயிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீரை ஊற்ற, எந்த அளவில் பொட்டு மறைகிறதோ அதுதான் கணக்கு. நாநா ஊற்றினார். அளவுகோலின் உச்சமான 100லேயே பொட்டு மறைந்துவிட்டது.

இது எங்கிருந்து வந்தது? குளோரின் மாத்திரையிலிருந்துதான். மாத்திரைக்குள் குளோரினோடு சயனூரிக் அசிட்டும் சேர்ந்தே இருக்கிறது. 40,000 லீற்றர் தடாகத்தில் ஒரு கிலோ மாத்திரை கரைந்தால் சயனூரிக் அசிட் சுமார் 14 பி.பி.எம். கூடும். குளோரின் செலவாகிப் போய்விடும், இதுவோ வெயிலில் இலேசாகப் போகாது, வட்டி போலச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஏழு எட்டுக் கிலோ போதும், 100ஐத் தாண்டிவிடும். முன்னையவர் போட்டது பாதி, மருமகன் போட்டது பாதி. மருந்து போடப் போட நோய் கூடியதன் இரகசியம் இதுதான்.

முழுதாக இறைத்தால் என்ன?

"அப்படியென்றால் எல்லாத் தண்ணியையும் இறைத்துவிட்டுப் புதுசா நிரப்பினால் முடிஞ்சுது" என்றேன் நான். ஒரு கடைக்காரரும் மருமகனுக்கு அதே யோசனையைச் சொல்லியிருந்தார்.

நாநா தலையாட்டினார். "ஆறு பக்கத்துல. ஒக்டோபர் மழை வேற. நிலத்தடித் தண்ணி எவ்வளவு மேல நிற்குது என்று கிணத்தப் பாருங்க."

கிணற்றில் தண்ணீர் ஒரு மீற்றர் ஆழத்திலேயே நின்றது. தடாகத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் பாரம் தொட்டியைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறது. உள்ளே வெறுமையானால் வெளியே நிற்கும் நிலத்தடி நீர் தொட்டியை மேலே தள்ளும். அடித்தளம் வெடிக்கும், சில வேளை தொட்டியே படகு போல எழும்பிவிடும். பாசியை அகற்றப் போய்த் தடாகத்தையே இழப்பதா? ஆற்றோரம், கடலோரம், தாழ்நிலம் ஆகியவற்றில் விடுதி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பந்தியையாவது வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 13,000 லீற்றரை இறைத்து நிரப்பினோம். ஒரு நாள் மோட்டரை ஓடவிட்டுக் கலந்த பிறகு மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு. கணக்குப் பாருங்கள்: 100இல் மூன்றில் இரண்டு 67. 67இல் மூன்றில் இரண்டு சுமார் 44. இறைத்த தண்ணீரை ஆற்றுக்கு விடவில்லை, பெருமளவு குளோரின் போடுவதற்கு முன்னரே பின்வளவுத் தென்னைகளுக்கு விட்டோம்.

புதுத் தண்ணீர் கிணற்றிலிருந்து. அதற்கும் ஒரு சோதனை உண்டு. வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை குளோரின் தூளைப் போட்டு வைத்தார் நாநா. சற்று நேரத்தில் தேயிலைச் சாயம் போல் ஆனால் இரும்பு அதிகம், அந்தத் தண்ணீர் வேண்டாம். எங்கள் வாளி வெள்ளையாகவே இருந்தது.

பில்டருக்குள் இருந்த மணல்

பில்டரைத் திறந்ததும் இன்னொரு உண்மை வெளியானது. உள்ளே இருந்தது ஆற்று மணல். யாரோ ஒரு காலத்தில் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார். பில்டருக்கு வேண்டியது சல்லடையிட்டு ஒரே அளவாக்கிய சிலிக்கா மணல். ஆற்று மணலில் களியும் பெருங்கல்லும் கலந்திருக்கும். களி கட்டியாகும், கட்டிகளுக்கு இடையே தண்ணீர் வழி பிடித்துக்கொண்டு வடிபடாமலே ஓடும். பாசி ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்துகொண்டிருந்தது. மணலை மாற்றினோம். புதுமணல் இட்டதும் பில்டரின் அழுத்தமானி காட்டும் அளவைச் சுவரில் எழுதி வைத்தோம். அதிலிருந்து 8 முதல் 10 பவுண் ஏறினால் பில்டரைப் பின்னோக்கிக் கழுவ வேண்டும் என்பது விதி.

அந்த இடத்தில் நடந்த விபத்து

ஐந்தாம் நாள் பி.எச்.ஐ இறக்க அசிட் ஊற்றினோம். வேலைக்கு நின்ற பையன், அசிட் ஊற்றிய அதே வாளியைக் கழுவாமல் அதற்குள் குளோரின் தூளை அள்ளப் போட்டுவிட்டான். ஒரு நொடிதான். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை கிளம்பியது. பையன் மூச்சு எடுக்க முடியாமல் இருமிக்கொண்டு விழப்போனான். நாநா அவனை இழுத்துக்கொண்டு காற்று வரும் பக்கம் ஓடினார். மற்ற எல்லோரையும் விலகச் சொன்னார். வாளியில் இருந்தது சொற்பம், இடம் திறந்த வெளி. அல்ஹம்துலில்லாஹ், வைத்தியசாலையில் ஒரு இரவோடு பையன் வீடு திரும்பினான். மூடிய பம்ப் அறைக்குள் நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறுவிதமாக எழுத வேண்டி வந்திருக்கும்.

அசிட்டும் குளோரினும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. அதேபோல் குளோரின் தூளையும் குளோரின் மாத்திரையையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டும் குளோரின்தானே என்று ஒரே டின்னில் கொட்டி வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு சரக்குக்கும் தனி வாளி, தனிக் கரண்டி. தண்ணீருக்குள் தூளைப் போட வேண்டுமே தவிர, தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது.

பச்சை வெளுத்த கதை

பி.எச். 7.2க்கு வந்த பிறகு, மஃரிபுக்குப் பின் வெயில் இல்லாத நேரத்தில் குளோரின் தூள் போட்டோம். அளவு எப்படி? சயனூரிக் அசிட் 44 என்பதால் அதன் நூற்றுக்கு நாற்பது, அதாவது 18 பி.பி.எம். குளோரின் வேண்டும். 40,000 லீற்றருக்கு ஒரு பி.பி.எம். என்றால் 40 கிராம். 18க்கு 720 கிராம். தூளில் 65 வீதம்தான் குளோரின் என்பதால் தூளாக 1.1 கிலோ. வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றிவர ஊற்றினோம். சுவர், படி, மூலை, ஏணியின் பின்பக்கம் எல்லாம் பிரஷ் போட்டோம். பாசி தன்மேல் ஒரு வழுவழுப்பான போர்வையைப் போர்த்துக்கொண்டிருக்கும், அதைக் கிழிக்காவிட்டால் குளோரின் உள்ளே போகாது. மோட்டர் இரவு பகலாக ஓடியது.

காலையில் அளந்தால் குளோரின் ஏறக்குறைய இல்லை. மருமகன் முகம் சுருங்கியது. நாநா சிரித்தார். "போட்டது வேலை செஞ்சிருக்கு மகன். இன்னும் பாசி மிச்சம் இருக்கு என்று சொல்லுது. திரும்பவும் 18க்கு ஏத்துங்க."

இங்கே ஒரு தந்திரம் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பாக நிறம் மாறும் பரிசோதனை மருந்து, குளோரின் மிக அதிகமானால் வெளுத்துப் போய்ப் பூச்சியம் போலக் காட்டும். அதைப் பார்த்து இன்னும் இன்னும் கொட்டியவர்கள் உண்டு. ஆகவே ஒரு பங்கு தடாகத் தண்ணீரோடு நாலு பங்கு வடித்த தண்ணீர் சேர்த்து அளந்து, விடையை ஐந்தால் பெருக்க வேண்டும்.

காலையும் மாலையும் அளப்பது, குறைந்ததை நிரப்புவது, பிரஷ் போடுவது, பில்டர் கழுவுவது. இதுதான் வேலை. இரண்டாம் நாள் கரும்பச்சை சாம்பல் நிறமானது. மூன்றாம் நாள் பால் கலந்த தண்ணீர் போலாயிற்று. இது செத்த பாசி, இனி வடிப்பது பில்டரின் வேலை. ஐந்தாம் நாள் அடியிலுள்ள வடிகால் மூடி தெரிந்தது. அன்று மாலை அளந்தோம், 15. மறுநாள் சூரியன் வருமுன் அளந்தோம், அதே 15. இரவில் ஒரு பி.பி.எம்.முக்கு மேல் குறையாவிட்டால் தின்பதற்குப் பாசி இல்லை என்று அர்த்தம். பிறகு வெயிலுக்கு விட்டுக் குளோரின் 4க்கு இறங்கிய பின்னரே குளிக்கத் திறந்தோம். விருந்தாளிகள் மறுநாள் வந்தார்கள்.

மொத்தமாகச் செலவான குளோரின் தூள் ஆறு கிலோவுக்கும் குறைவு. பாசி மருந்து ஒரு சொட்டும் இல்லை.

அடி தெரியாத தண்ணீர்

"பச்சையாக இருந்தால் என்ன, பிள்ளைகள் குளிக்கத்தானே" என்று சொல்பவர்களுக்காக ஒன்று. 2011 ஜூனில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபோல் ரிவர் என்ற ஊரின் பொதுத் தடாகத்தில் ஒரு பெண் மூழ்கி இறந்தார். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் உடல் அடியில் கிடந்தது இரண்டு நாளாக யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் மற்றவர்கள் அதே தடாகத்தில் குளித்திருக்கிறார்கள். அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியாத தடாகத்தில் யாரையும் இறங்க விடக்கூடாது என்ற விதி ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பக்கம் நுளம்பு. 2007இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தபோது கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட வீடுகளின் தடாகங்கள் பச்சையாகி நுளம்பு பெருகி, வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவக் காரணமானதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் நுளம்பு பெருக இடம் கொடுக்கும் வளவுக்காரர் மீது நடவடிக்கை எடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2017இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவான நாடு இது. சீசன் இல்லை என்று தடாகத்தை மறந்துவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைக்காரருக்கு

இப்போது நம்மிடம் வருவோம். சம்பவத்துக்குப் பிறகு என் கடையில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். குளோரின் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி: தடாகம் எத்தனை லீற்றர்? பி.எச். எவ்வளவு? இதற்கு முன் என்ன போட்டீர்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாதவருக்கு முதலில் பரிசோதனைப் பெட்டியைத்தான் காட்டுகிறேன். அன்றைக்கு விற்பனை குறைவதும் உண்டு. ஆனால் தண்ணீர் தெளிந்தவர் மறுமாதமும் நம்மிடமே வருகிறார். தண்ணீர் தெளியாதவர் கடையைத்தான் மாற்றுகிறார்.

இரண்டாவது, களஞ்சியம். குளோரின் தூளைப் பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், பிரேக் ஒயில், உரம் ஆகியவற்றின் பக்கத்தில் வைத்திருந்தேன். இப்போது அசிட் ஒரு மூலை, குளோரின் எதிர் மூலை, எண்ணெய் வகை வேறு அறை. 2019 மே மாதம் தாய்லாந்தின் லெம் சபாங் துறைமுகத்தில் ஒரு கப்பலில் பெருந்தீ மூண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாக அறிவிக்காமல் ஏற்றிய கொள்கலன்களில் இதே கல்சியம் ஹைப்போகுளோரைட், நாம் குளோரின் தூள் என்று விற்கிற சரக்கு, இருந்ததாகத் தெரியவந்தது. கப்பலையே எரிக்கக்கூடிய சரக்குக்கு நம் கடை எம்மாத்திரம்?

விடுதிக்காரருக்கு

தெளிந்த தடாகத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பி.பி.எம். குளோரின் நிரப்பினால் பெரும்பாலும் போதும். 40,000 லீற்றருக்கு அது சுமார் 125 கிராம் தூள். மாதத்துக்கு நாலு கிலோவுக்கும் குறைவு. தினமும் மாலையில் ஒரு அளவு, கிழமைக்கு இரண்டு தடவை பிரஷ், மோட்டருக்கு ஐந்தாறு மணித்தியாலம். மாத்திரையை வெளியூர் போகும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டதையும் அளந்ததையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

மருமகன் மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, பாசிக்குக் கொட்டியது எவ்வளவு என்று பிறகு இருவருமாக இருந்து கணக்குப் பார்த்தோம். மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் மூன்று ரூபாவுக்கு மேல் போயிருந்தது. அதில் பையனின் வைத்தியச் செலவைச் சேர்க்கவில்லை.

அந்தக் குடும்பம் பத்து நாளும் இருந்துவிட்டுப் போனது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறவே மறுத்தார்களாம். மருமகன் இப்போது ஒவ்வொரு மாலையும் தடாகத்தை அளந்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். அதில் இரண்டே இலக்கங்கள், குளோரினும் பி.எச்.சும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கடையைப் பூட்டுகிறேன்.